நாவூறுக்கு டொய்ச் தெரியாது

என் மனுசனுக்குத் தன்னுடைய பொருள் எதையும் நல்லது என்று சொல்ல வாய் வராது. புதுக் கார் வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திய அன்று, பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் வெளியே வந்து கைகொடுத்தார். இவர் காரின் பின்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டி, இது வெறும் பழைய இரும்பு, இந்தப் பனிக்காலம் தாண்டினால் பெரிய காரியம் என்று டொய்ச்சில், அவருடைய ஜெர்மன் மொழியிலேயே, சொன்னார். அந்த மனிதரின் முகம் அப்படியே வாடிவிட்டது. மறுநாள் காலையில் தனக்குத் தெரிந்த நல்ல மெக்கானிக் ஒருவரின் விலாசத்தை எழுதி எங்கள் தபால்பெட்டியில் போட்டிருந்தார். நான் வயிறு நோகச் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

எங்கள் சனத்துக்குள் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பெற்றவர் தன் பிள்ளையைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் அதை உடனே மறுத்து உயர்த்திச் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அது முழுசு. மகன் பள்ளிக்கூடத்தில் நல்ல புள்ளி எடுத்துக்கொண்டு வந்தால், வீட்டுக்கு வந்தவரிடம் இவர், "ஏதோ தட்டித் தடவிப் பாஸ் பண்ணியிருக்கு, உது உருப்படாது" என்பார். வந்தவர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை, பிள்ளை கெட்டிக்காரன்" என்பார். பிறந்தநாள் வீடு, சாமத்திய வீடு, கோயில் அன்னதானம், எங்கே போனாலும் இந்த இரண்டு வசனமும் சோடியாகத்தான் வரும். வந்தவர் போன பிறகு மகன் வயிற்றை முன்னுக்குத் தள்ளி, குரலைத் தடிப்பாக்கி, அவரைப்போலவே அதைச் சொல்லிக் காட்டுவான். நாங்கள் மூன்று பேரும் சிரிப்போம்.

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கண்ணைவிட நாக்குப் பொல்லாதது என்பது இவருடைய கட்சி. பெற்றவன் வாயாலேயே பிள்ளைக்கு நாவூறு படும் என்று நம்புகிறவர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு. இவருக்கோ அந்தப் பொன்குஞ்சைக் கரிக்குஞ்சு என்று நாலு பேருக்குச் சொன்னால்தான் நித்திரை வரும். கலியாணம் கட்டிய காலத்தில் இவர் இப்படி இருக்கவில்லை. ஏன் இப்படி ஆனார் என்பதையும் சொல்லத்தான் போகிறேன்.

மகன் விளையாடியது காற்பந்து இல்லை. காற்பந்தாக இருந்திருந்தால் எங்கள் ஆட்களில் அரைவாசிப் பேர் வந்து நின்று கத்தியிருப்பார்கள். இது அமெரிக்கக்காரரின் ஃபுட்பால். தலையில் கவசமும் தோளில் பலகை மாதிரி ஒன்றும் மாட்டிக்கொண்டு ஆளை ஆள் இடித்து விழுத்துகிற ஆட்டம். பந்துகூட உருண்டை இல்லை. இவர் அதற்கு முட்டைப் பந்து என்று பெயர் வைத்திருந்தார். நாங்கள் இருக்கிற பீலெஃபெல்டிலிருந்து ரயிலில் கொஞ்சத் தூரம் போனால் வருகிற ஒரு சின்ன ஊரின் அணி அது. சம்பளம் கிடையாது, டிவியில் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்ச் சனம் வறுத்த சொசேச்சும் பியருமாக வந்து குந்தியிருந்து பார்க்கும். மகன் பள்ளிக்கூடச் சினேகிதனோடு ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனவன், பிறகு அங்கேயே கிடந்தான்.

அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பாக் என்று ஒருவன் இருக்கிறான். பந்து ஒவ்வொரு முறையும் முதலில் அவன் கைக்குத்தான் வரும். எதிரணித் தடியர்கள் வந்து விழுத்துவதற்குள், ஓடுகிற ஆட்களில் யாரிடம் எறிவது என்று அவன் முடிவு செய்ய வேண்டும். வென்றால் அணி வென்றது, தோற்றால் அவன் தோற்றது, அதுதான் அங்கே கணக்கு. இருந்த பழையவன் முழங்கால் பழுதாகி நின்றுவிட, அந்த இடம் என் மகனுக்கு வந்தது. அப்போது அவனுக்கு இருபது வயது. லைப்சிக்கில் அவுஸ்பில்டுங் ஒன்று, மின்வேலைக்கான தொழிற்பயிற்சி, கிடைத்திருந்தது. அதை ஒரு வருசம் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டு எழுதிவிட்டு வந்து நின்றான். அடுத்த வருசமும் அந்த இடம் இவனுக்கா வேறொருவனுக்கா என்று கோடை முடியத்தான் ட்ரெய்னர் சொல்வார். இவனுக்கு வேண்டியது அந்த இடம் ஒன்றுதான். பல் தீட்டும்போதும் அதே நினைப்புத்தான்.

தொடக்கமே சரியில்லை. எறிகிற பந்து போய் எதிரணிக்காரன் கையில் குந்தும். எறியாமல் வைத்திருந்தால் இவனையே தூக்கி நிலத்தில் அடிப்பார்கள். நான் கண்ணை மூடிக்கொள்வேன். சத்தத்தை வைத்தே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும்.

எங்களுக்கு மேல் வரிசையில் வழக்கமாக இரண்டு பேர் இருப்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, மடியில் ஒரு மேளம் வைத்திருப்பார். மற்றவர் முன்னொரு காலத்தில் அதே அணியில் விளையாடிய தாடிக்காரர். மகன் பந்தை எறிந்த கையோடு இருவரும் வழக்கைத் தொடங்கிவிடுவார்கள். பெடியனுக்கு சூகுன்ஃப்ட் இருக்கா, இல்லையா? டொய்ச்சில் சூகுன்ஃப்ட் என்றால் எதிர்காலம். தாடிக்காரரின் கட்சி இல்லை என்பது. கை இருக்கிறது, கண் இல்லை, முதலில் பார்த்த ஆளையே கடைசிவரை பார்த்துக்கொண்டு நிற்கிறான், அதை எதிரணியும் பார்க்கிறது, போதாததற்கு எலும்பும் தோலுமாக இருக்கிறான் என்பார். சாரதி விடமாட்டார். முன்னால் காவல் நிற்கிற தடியர்கள் ஒழுங்காக நின்றால் அல்லவா அவன் மற்றப் பக்கம் பார்ப்பதற்கு என்பார். புதுச் சாரதி எவனும் முதல் பனிக்காலத்தில் ஒரு பக்கக் கண்ணாடியாவது உடைக்காமல் இருந்ததில்லை, அதற்காக யாரும் பஸ்ஸைப் பறிப்பதில்லை என்று சொல்லி மேளத்தில் ஒரு அடி அடிப்பார். பக்கத்து வரிசைகளும் சேர்ந்துகொள்ளும். சொசேச் விற்கிற பெண்கூடக் கடுகைப் பிழிந்துகொண்டே ஒரு தீர்ப்புச் சொல்லுவாள்.

எனக்கு வருகிற கொதிக்குத் திரும்பி நாலு கேள்வி கேட்க வேண்டும் போல இருக்கும். என் பிள்ளை என்ன சந்தை மீனா, செவுளைத் தூக்கிப் பார்த்து விலை சொல்ல? ஆனால் தாடிக்காரர் சொன்னதில் ஒன்று சரி. இவன் பார்க்கக்கூடாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு எறிக்குப் பிறகும் கவசத்துக்குள்ளிருந்து எங்கள் பக்கம் ஒரு பார்வை வரும். அது தகப்பனுக்கு. தகப்பனோ குனிந்து தன் காலில் கிடக்கிற சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நல்ல எறி என்றாலும் சப்பாத்து, கெட்ட எறி என்றாலும் சப்பாத்து.

அக்கறை இல்லாதவர் அல்ல. இவருக்கு வேலை சமையலறை அலுமாரி செய்கிற தொழிற்சாலையில். சனிக்கிழமை மேலதிக வேலைக்குப் போனாலும் போவார், ஞாயிறு மட்டும் யார் கேட்டாலும் மாட்டார். ஆட்டம் முடிந்து வந்த பின்னேரங்களில் செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, மகனின் தலையைச் சுற்றி, சட்டியில் போட்டு எரிப்பார். முதல்முறை குசினியில் எரித்து, புகை அலாரம் கத்தி, மேல்மாடிக் கிழவி தீயணைப்புக்குப் போன் எடுக்க வெளிக்கிட்டுவிட்டாள். அதன் பிறகு பல்கனியில். அவ்வளவு உயரமானவன் குனிந்து தலையைக் கொடுப்பான். தகப்பன் இருமினால் அவனும் இருமுவான். அந்தக் கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நல்ல ஒற்றுமையாக இருப்பார்கள்.

கோடை நடுவில் ஒரு ஞாயிறு, இன்னொரு தோல்வி. சனம் எழும்பிப் போய்க்கொண்டிருந்தது. அன்று சாரதிக்கு வழக்கில் கை தாழ்ந்துவிட்டது. இவன் எறிந்த பந்தெல்லாம் அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருந்தன. அவர் குனிந்து இவரின் தோளைத் தொட்டார். அதுவரை வணக்கம் சொல்வதோடு சரி. நீங்கள் தகப்பன், உங்களுக்குத்தான் அவனைத் தெரியும், சொல்லுங்கள், பெடியனுக்கு சூகுன்ஃப்ட் இருக்கா என்று கேட்டார். இவர் வாயிலிருந்து ஒரு நல்ல சொல் வரும், அதைத் தூக்கித் தாடிக்காரரின் முகத்தில் எறியலாம் என்று அந்த மனிதர் நம்பியது எனக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

இவருக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. ஒரு ஜெர்மன்காரர் தன்னைத் தகப்பன் என்று மதித்துக் கேட்டுவிட்டார். காதுமடல் சிவக்க ஒரு சிரிப்புச் சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அவனுக்கோ? அவன் உருப்படமாட்டான்" என்றார். டொய்ச்சில்தான் சொன்னார். அந்த மொழியில் அது இன்னும் கட்டையாக இருக்கும். அவனிலிருந்து ஒன்றும் வராது என்கிற மாதிரி.

சொல்லிவிட்டுச் சாரதியின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தார். இரண்டாவது வசனத்துக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை. சாரதி இவரைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார், மெல்லத் தலையை ஆட்டினார், நீங்கள் நேர்மையான மனிதர் என்றார். பிறகு மேளக் கம்பு இரண்டையும் பைக்குள் வைத்து சிப்பை இழுத்து மூடினார். தாடிக்காரர் இவரின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஏதோ பிழைத்துவிட்டது என்று எனக்கு அந்த இடத்திலேயே தெரிந்தது. இவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரயிலில் வரும்போது, இந்தச் சனத்துக்குக் கதைக்கத் தெரியாது, வெட்கம் என்றார்.

அடுத்த ஆட்டத்தில் மேளம் இல்லை. தாடிக்காரர் விளையாட்டுக்காரரோடு கிளப்பில் இருந்து பியர் குடிக்கிறவர். அங்கே ஒரு பகிடியாக அதைச் சொல்லியிருக்கிறார், பெற்ற தகப்பனே கைவிட்ட பெடியன் என்று.

நடுக்கிழமையில் பயிற்சி முடிந்து வந்த மகன் சப்பாத்தைக் கழற்றாமல் நேரே குசினிக்குள் வந்தான். அந்த வீட்டில் அவன் சப்பாத்தோடு உள்ளே வந்தது அன்றைக்குத்தான்.

"அப்பா, நீங்கள் அவையளுக்கு அப்பிடிச் சொன்னனீங்களோ?"

"ஓம், சொன்னன். அது சும்மா."

சும்மா என்றால் என்ன என்று அவன் கேட்டான். நான் இடையில் புகுந்து, அப்பா எந்த நாளும் அப்படித்தானே சொல்லுகிறவர், வீட்டுக்கு வருகிற ஆட்களுக்கெல்லாம் சொல்லுகிறதுதானே, நீயே அதை நடித்துக் காட்டுகிறவன் அல்லவா என்று என்னென்னவோ சொன்னேன். அவன் என் பக்கம் திரும்பினான்.

"தமிழிலை சொன்னா எனக்கு விளங்கும் அம்மா. இவர் டொய்ச்சிலை சொன்னவர். டொய்ச்சிலை சொன்னா அது உண்மை."

இத்தனை வருசம் இந்த நாட்டில் இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. அவன் மறுபடி தகப்பனிடம் போனான். குரல் இறங்கிவிட்டது.

"ஒருக்கா நல்லாச் சொல்லுங்கோ அப்பா. எனக்கு மட்டும். பொய்யெண்டாலும் பரவாயில்லை."

இவர் வாயைத் திறந்தார். நான் அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு அசைந்தது. பிறகு மூடிக்கொண்டது. "புட்டு ஆறப்போகுது, சாப்பிடு" என்றார். மகன் அன்று சாப்பிடவில்லை. நானும்தான்.

சனிக்கிழமை அவன் வெளியே போயிருந்த நேரம் நான் சண்டையைத் தொடங்கினேன். தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. பெத்த பிள்ளைக்கு ஒரு சொல் கொடுக்க வக்கில்லை, மிளகாயைச் சுத்தி என்ன, தேங்காயைச் சுத்தி என்ன என்று கேட்டேன். இவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தார். கடைசியில் எனக்கே களைத்துவிட்டது. அவரைச் சிரிக்கவைத்தாவது பார்ப்போம் என்று, "இஞ்சேருங்கோ, தமிழிலை சொல்லப் பயமெண்டா டொய்ச்சிலை சொல்லுங்கோ. நாவூறுக்கு டொய்ச் தெரியாது" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை.

"தெரியாமலோ அவளைக் கொண்டுபோனது?" என்றார்.

மகனுக்கு முன்னம் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தாள். அப்போது நாங்கள் அகதிகளை வைத்திருக்கிற ஹைமில் ஒரே ஒரு அறையில் இருந்தோம். பிள்ளை கொழுகொழுவென்று, தலை நிறைய மயிரோடு, பார்த்தவர்கள் திரும்பிப் பார்க்கிற வடிவு. இவருக்கு அப்போது டொய்ச் ஒரு சொல்லும் வராது. பக்கத்து அறைக்காரனிடம் கேட்டு ஒரே ஒரு வசனத்தைப் பாடமாக்கினார். வடிவுதானே, என்ன? அவ்வளவுதான் வசனம். பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த நீட்டு நடையில் ஒவ்வொரு கதவாகத் தட்டினார். குர்திக்காரர், ஆபிரிக்காக்காரர், பொஸ்னியாக்காரர், கதவு திறக்கிற எல்லாரிடமும் அதையே கேட்டார். எல்லாரும் ஓம், வடிவு, வடிவு என்றார்கள். நான் அறையில் படுத்திருந்து அந்தச் சத்தம் தூரத்தூரப் போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த நாட்களைப்போல நான் பிறகு சந்தோசமாக இருந்ததில்லை.

பனிக்காலம் முடிய முன்னம் அவள் போய்விட்டாள். பிறவியிலேயே இருதயத்தில் ஒரு பிழை இருந்தது. டொக்டர் பொறுமையாகப் படம் கீறிக் காட்டினார். யாராலும் ஒன்றும் செய்திருக்க ஏலாது என்றார். இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு சொல்லையும் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, நான்தான் ஊரெல்லாம் காட்டினேன் என்று ஒருமுறை சொன்னார். அதற்குப் பிறகு அவளைப் பற்றிய பேச்சே இல்லை. அன்றிலிருந்து எதையும் நல்லது என்று சொன்னதும் இல்லை. என் கறி எப்படி என்று கேட்டால் தின்னலாம் என்பார். மகன் பிறந்தபோது தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குரங்கு மாதிரி இருக்கு என்று சொல்லி, வெளியே போய் நின்று அழுதார்.

அந்தச் சனிக்கிழமை நான் அடுப்பை நிறுத்திவிட்டு அவருக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். சண்டையை அதோடு விட்டேன்.

ஆனால் சாரதியை விடவில்லை. கோடையின் கடைசி ஆட்டம் அன்று நேரத்தோடு போய், சொசேச் கடைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். என் டொய்ச் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சமையலறையில் படித்த டொய்ச். அதிலே நாவூறை விளங்கப்படுத்துவது லேசான வேலை இல்லை. என் மனுசன் சொன்னதற்கு அர்த்தம் நேர்மாறு, நீங்கள் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும், அதற்காகத்தான் அவர் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார் என்றேன். சாரதி சொசேச் வைத்த பாணை அப்படியே கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தேன். அவர் டொய்ச்சில் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். "என்ரை பங்கு என்னெண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்கிற மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு, காருக்குப் போய் மேளத்தை எடுத்துக்கொண்டு வந்தார்.

அன்று மகன் நன்றாக விளையாடினான். தாய் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், தாடிக்காரரே வாயை மூடிக்கொண்டு இருந்தார். ஒரு எறி நீளத்துக்குப் போய், ஓடிக்கொண்டிருந்தவனின் கைக்குள் பிள்ளையை வைப்பதுபோல இருந்தது. சனம் எழும்பிக் கத்தியது. சாரதி மேளத்தை அடித்துவிட்டு, குனிந்து இவரின் காதுக்குள் பெரிய குரலில், அப்படிச் சொல்லாதீர்கள், பிள்ளை கெட்டிக்காரன் என்று டொய்ச்சில் கத்தினார். பாவம், நல்ல மனசோடுதான் கத்தினார். ஆனால் இவர் அன்று ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே. முதல் வசனம் இல்லாமல் இரண்டாவது மட்டும் வந்து விழுந்துவிட்டது. இவர் முகம் வெளிறிவிட்டது. "இல்லை, இல்லை, உருப்படாது, உருப்படாது" என்று சப்பாத்தைப் பார்த்துத் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். மகன் எங்கள் பக்கம் பார்த்தான். என்ன கண்டிருப்பான்? தலையை ஆட்டி ஆட்டி இல்லை இல்லை என்கிற தகப்பனைத்தான்.

முடிகிற நேரத்தில் அவன் எறிந்த ஒரு பந்து எதிரணிக்காரனின் கைக்குப் போனது. அதோடு தோல்வி.

பின்னேரம் இவர் மிளகாயும் உப்பும் பொத்திக்கொண்டு பல்கனியில் நின்றார். குளிக்கப் போன மகன் குளித்துவிட்டு நேரே தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். இவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, மிளகாயைத் திருப்பிப் போத்தலில் போட்டார்.

ட்ரெய்னர் அந்தக் கிழமையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். வேறு ஊரிலிருந்து ஒருவன் வருகிறான், இவன் விரும்பினால் இரண்டாம் ஆளாக இருக்கலாம். மரியாதையாகத்தான் சொன்னாராம். மகன் கவசத்தையும் தோள்பலகையையும் துடைத்துக் கொண்டுபோய்க் கிளப்பில் கொடுத்துவிட்டு, லைப்சிக்குக்கு எழுதினான். அங்கே இடம் இன்னும் இருந்தது. ஸ்டேஷனில் என்னைக் கட்டிப்பிடித்தான், தகப்பனுக்குக் கைகொடுத்தான். கைகொடுத்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது டேர்மின் எடுத்து, நேரம் குறித்துப் போய்ச் சந்திக்கிற அதிகாரிக்குக் கொடுக்கிற கை.

பிறகு போனில் எல்லாம் என்னோடுதான். இவரிடம் கொடுத்தால், சாப்பிட்டியோ, ஓம், குளிரோ, ஓம், அவ்வளவில் போன் என் கைக்குத் திரும்பி வரும். லைப்சிக்கிலும் அந்த ஆட்டம் இருக்கிறது. அவன் எட்டியும் பார்க்கவில்லை. இங்கே இவரோ ஞாயிறு தவறாமல் அந்தச் சின்ன ஊருக்குப் போய்ச் சாரதிக்குப் பக்கத்தில் குந்தினார். வீட்டுக்கு வந்து புதுக் குவார்ட்டர்பாக்கைப் புகழுவார், என்ன கை, என்ன கண், அவன் எங்கேயோ போகப்போகிறான் என்று. எனக்குப் பத்திக்கொண்டு வரும். ஊரான் பிள்ளையைப் புகழ மட்டும் வாய் வருதோ, அதுக்கு நாவூறு படாதோ என்று கேட்டேன்.

"அதை அவன்ரை தகப்பன் பாத்துக்கொள்ளுவான்" என்றார்.

பனிக்காலத்தில் நான் தனியாக லைப்சிக்குக்குப் போனேன். மகனின் அறையில் கட்டிலும் ஒரு மேசையும், வேறொன்றும் இல்லை. சமைத்து வைத்துவிட்டு அவனை இருத்தி, அக்காவின் கதையைச் சொன்னேன். சாமித்தட்டில் இருக்கிற சின்னப் படம் அவனுக்குத் தெரியும். யார் என்றும் தெரியும். அதற்கு மேல் நாங்கள் சொல்லி வளர்க்கவில்லை. இவர் பாடமாக்கிய அந்த வசனத்தையும் சொன்னேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"எங்கட அப்பாவோ? கதவு கதவாத் தட்டினவரோ?"

ஓம் என்றேன். அவன் சிரிக்கப் போனான், முடியவில்லை. எழும்பிப் போய்க் கோப்பை கழுவத் தொடங்கினான். கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவிக்கொண்டு நின்றான். மறுநாள் நான் ரயில் ஏறி வந்துவிட்டேன்.

அடுத்த கோடையில் ஒரு ஞாயிறு பின்னேரம், இவர் ஆட்டம் பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து கதிரையில் இருந்தார். போன் வந்தது. மகன் என்னிடம் சுகம் கேட்டுவிட்டு, அப்பாவிடம் கொடுங்கோ என்றான். அவனாகக் கேட்டது அவன் போன பிறகு அதுதான் முதல்முறை. நான் சத்தம் வெளியே கேட்கிற மாதிரி அழுத்தி இவர் முன்னால் மேசையில் வைத்தேன்.

புதுப் பெடியன் எப்படி என்று மகன் கேட்டான். இவர் தன்பாட்டுக்குத் தொடங்கிவிட்டார். நல்லா எறியிறான், கெட்டிக்காரன், அவனுக்கு எதிர்காலம் இருக்கு என்றார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இவரை முறைத்தேன். இவர் அதைக் கவனிக்கவில்லை.

"அப்ப நான்?" என்றான்.

இவர் குனிந்தார். கால்களில் சப்பாத்துக்கூட இல்லை, வெறும் காலைப் பார்த்தார். மறுபடியும் உதடு அசைவதை நான் கண்டேன். சொல்லிவிடு, ஐயோ, இந்த ஒருமுறை சொல்லிவிடு என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"நீயோ? நீ உருப்படமாட்டாய்" என்றார். தமிழில்தான் சொன்னார்.

நான் போனை எடுக்கக் கையை நீட்டிவிட்டேன். அதற்குள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடித்த குரல் வந்தது. வயிற்றை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு, தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொல்கிற குரல்.

"அப்பிடிச் சொல்லாதேங்கோ அண்ணை. பிள்ளை கெட்டிக்காரன்."

சொல்லிவிட்டு அவன் சிரிப்பான் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இவர் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "ஓமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை" என்றான்.

இவர் எழும்பிப் பல்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். நான் போனை எடுத்துக் காதில் வைத்து, தம்பி என்றேன். அங்கே குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, அவன் கோப்பை கழுவத் தொடங்கிவிட்டான்.